புது 390 டியூக், நம்ம மலை ரோடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலோட வாலா "பழைய வண்டிய வித்துட்டு கேடிஎம் 390 டியூக் பைக் வாங்கியாச்சு"ன்னு ஒத்த வரி எழுதி வச்சேன், அவ்ளோதான், இந்த வாரம் வந்த கடிதத்துல பாதி அதப்பத்திதான். செயின் ஸ்ப்ராக்கெட் கேட்டவங்க, இன்சூரன்ஸ் கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கோத்தகிரி வாசகர்: அண்ணா, வாங்கிட்டேன்னு சொல்லி நிறுத்திட்டீங்க. நம்ம ரோட்டுல ஓட்டிப் பாத்ததும் என்ன தோணுச்சு, அதச் சொல்லுங்க.

தம்பி, உக்காந்த உடனே தெரியறது ஹேண்டில்பாரோட அகலம்தான். பேப்பர்ல எடை 168 கிலோ சொச்சம், ஆனா குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி வளைவு ஆரம்பிச்சா அந்த எடை எங்க போச்சுன்னே தெரியல, ஒரு பக்கம் லேசா அமுக்குனாலே வண்டி அந்தப் பக்கம் சாஞ்சிடுது, முழு ஃபேரிங் (காத்த மறைக்கற உறை) வச்ச ஸ்போர்ட்ஸ் பைக்ல மணிக்கட்டுல பாரத்தப் போட்டுக் குனிஞ்சே கெடக்கணுமே, அந்த வேலை இல்ல. நேக்கட் பைக், அதாவது இது மாதிரி உறை இல்லாத பைக், மலைக்குத் தோதுன்னு நான் அடிச்சுச் சொல்றதே இதுக்காகத்தான். நிமிந்து உக்காந்திருக்கறதால கொண்டை ஊசியோட கடைசி வரைக்கும் தலையத் திருப்பிப் பாக்க முடியுது, மேலருந்து பஸ் இறங்குதா, லாரி இறங்குதான்னு முன்னாடியே தெரிஞ்சிடும். குளிருக்கு நெஞ்சுல காத்து நேரா அடிக்கும், அது தனி கதை, ஜெர்கினுக்குள்ள இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்க வேண்டியதுதான்.

இன்ஜின் 399 சிசி, ஒத்த சிலிண்டர். 8,500 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து) 46 பிஎஸ் பவர், 6,500ல 39 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தத் திருப்பற இழுவை. எல்லாரும் அந்த 46-அ பத்தியே பேசறாங்க, மலைல அத எங்கய்யா தொடுவீங்க? அரவேணு பக்கத்துல எங்கயாச்சும் கொஞ்சம் நேரா ரோடு கெடைச்சா ஒரு தடவ ஆர்பிஎம் மேல ஏறும், அதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். நமக்கு சோறு போடறது நடு ஆர்பிஎம்ல இருக்கற டார்க்குதான். செகண்ட் கியர்ல வளைவ விட்டு வெளிய வந்து திராட்டில மெதுவா திறந்தா அப்படியே அள்ளிக்கிட்டுப் போகுது, முன்னாடி போற பிக்கப் வண்டிய முந்தறதுக்கு கியர் குறைக்கக்கூட தேவையில்ல.

ஆனா ஒண்ணு. கொண்டை ஊசி வளைவுக்குள்ள வேகம் இருபதுக்குக் கீழ போயிட்டா செகண்ட் கியர்ல ஆர்பிஎம் ரொம்ப இறங்கி, கயித்துல கட்டுன கன்னுக்குட்டி கணக்கா வெடுக் வெடுக்குன்னு இழுக்கும். ஃபர்ஸ்ட்டுக்குப் போட்டா திராட்டில் தொட்ட உடனே குதிக்கும். இது டியூக்குக்கு மட்டும் வந்த வியாதி இல்ல, பெரிய ஒத்த சிலிண்டர் எதுவா இருந்தாலும் கொஞ்சம் இப்படித்தான். செகண்ட்லயே வச்சிக்கிட்டு, பின் பிரேக்க லேசா தொட்டுக்கிட்டு, கிளட்ச அரை வெரல் அளவு விட்டுப் பிடிச்சு, திராட்டில ஒரே அளவுல நிறுத்துனா இழுப்பு அடங்கிடும். குயிக்‌ஷிஃப்டர் இருக்கேன்னு வளைவுக்கு நடுவுல கிளட்ச் இல்லாம கியர் மாத்தப் பாக்காதீங்க, அது ஆர்பிஎம் ஏறி ஓடும்போதுதான் வெண்ணையா வேல செய்யும்.

சீசன்ல பஸ்சுக்குப் பின்னாடி ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்தா ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சு சூடு காத்து முழங்காலுக்குக் கீழ வரும். மேட்டுப்பாளையத்துல அது எரிச்சலா இருக்கும், கட்டபெட்டு தாண்டி மிஸ்ட்ல போகும்போது நல்லாத்தான் இருக்கு.

ஊட்டி வாசகர்: நானும் புது 390தான் வச்சிருக்கேன். கோயமுத்தூர்ல பறந்த வண்டி இங்க வந்ததும் மந்தமா இருக்கு. டியூனிங் சரியில்ல, ஷோரூம்ல போய் சண்ட போடுன்னு ஃப்ரெண்டு சொல்றான். போடட்டுமா?

வேணாங்க, அவங்க மேல தப்பே இல்ல. ஊட்டி கடல் மட்டத்துலருந்து 2,240 மீட்டர் சுமார். அங்க காத்தழுத்தம் கடலோரத்துல இருக்கறதுல முக்காலுக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஒரு தடவ பிஸ்டன் இறங்கும்போது உள்ள வர்ற ஆக்ஸிஜனே கம்மி, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அதுக்கேத்த மாதிரி பெட்ரோலக் குறைச்சு கலவைய சரி பண்ணிடும், அதனாலதான் அந்தக்கால கார்ப்பரேட்டர் வண்டி மாதிரி பொகை விட்டு முக்கறதில்ல, ஆனா இல்லாத காத்த அது எங்கருந்து கொண்டு வரும்? பவர்ல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு போயிடும். 46 பிஎஸ் வண்டி ஊட்டில முப்பத்தாறு முப்பத்தேழு பிஎஸ் வண்டி, கணக்கு அம்புட்டுதான். அதுக்குத்தான் சொல்றேன், மலைல இருக்கறவங்க 150 சிசிக்கும் 400 சிசிக்கும் நடுவுல யோசிச்சா பெருசுக்கே போங்க, அஞ்சுல ஒண்ணு போனாலும் மிச்சம் தாராளமா இருக்கும்.

இன்னொரு வேடிக்கை டயர்ல. மேட்டுப்பாளையத்துல காத்தடிச்சிட்டு ஊட்டி வந்து கேஜ் வச்சா, வெளி அழுத்தம் குறைஞ்சதுக்கு மூணு பிஎஸ்ஐ போல கூடணும், குளிருக்கு ரெண்டு பிஎஸ்ஐ போல குறையணும். ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட சரியாப் போயிடும். அதனால ஏறி வந்த சூட்டோட பங்க்ல நிறுத்தி காத்த எறக்காதீங்க, காலைல வண்டி ஆறி இருக்கும்போது மேனுவல்ல போட்டிருக்கற அளவப் பாத்து வைங்க.

குன்னூர் கல்லூரி மாணவி: அஞ்சடி ரெண்டு அங்குலம் இருக்கேன். இந்த வண்டி எனக்கு செட் ஆகுமா?

சீட் 800 மிமீ. சமதளத்துல ரெண்டு காலயும் விரல் பக்கமா ஊணிடலாம்மா, ஆனா உங்க குன்னூர்ல சமதளம் எங்க இருக்கு? பெட்ஃபோர்டு பக்கம் ஏத்தத்துல டிராஃபிக்ல நிக்கறத நெனச்சுப் பாருங்க. பழக்கம் ஒண்ணு வேணும்: நிறுத்தறதுக்கு முன்னாடியே ரோடு எந்தப் பக்கம் ஒசரமா இருக்குன்னு பாத்து அந்தப் பக்கம் மட்டும் ஒரு கால முழுசா ஊணுங்க, இன்னொரு கால் பின் பிரேக்குலயே இருக்கட்டும். பின் பிரேக் வலது காலுக்குங்கறதால, வலது பக்கம் தாழ்வா இருக்கற இடமா பாத்து நிறுத்துனா சுலபம். தாழ்ந்த பக்கம் கால் விட்டா யாரா இருந்தாலும் வண்டிய சாச்சிடுவாங்க. வாங்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் ரைட ஏத்த ரோட்டுலயே கேளுங்க.

கொடைக்கானல் பெருமாள்மலை வாசகர்: பையன் புதுசா நேக்கட் பைக் எடுத்திருக்கான். வத்தலக்குண்டு இறங்கும்போது பிரேக்ல கருகல் வாசன வருதுங்கறான். பயமா இருக்குங்க.

ஐயா, நீங்க பயப்படறதுல நியாயம் இருக்கு. பையன் பின் பிரேக்க மிதிச்ச கால எடுக்காம ஊத்துலருந்து டம்டம் பாறை வரைக்கும் வர்றான்னு நெனைக்கிறேன், புது வண்டிக்காரங்க பாதிப்பேரு இதத்தான் பண்றாங்க. அப்படி விடாம தேய்ச்சா டிஸ்க் சூடாகி அந்த சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்காவது கொதிக்காமத் தாங்கணும், ஆனா அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஈரம் ஏறுனப்புறம் 155 டிகிரி தாங்குனாலே போதும்னுதான் அந்தத் தரத்துக்கு விதி. உங்க ஊரு மிஸ்ட்டுக்கும் மழைக்கும் கேக்கணுமா. உள்ள கொதிச்சு ஆவிக்குமிழி வந்துச்சுன்னா பெடல் பொதக்குன்னு இறங்கும், பிரேக் பிடிக்காது.

பையன்கிட்ட இப்படிச் சொல்லுங்க: எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு, வேகத்த இன்ஜின் பிடிக்கட்டும், வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேத்து நல்லா பிடிச்சு விட்டுடு, வளைவுக்குள்ள தொடாத. கீழ் கியருக்குப் போட்டா பின் சக்கரம் லாக் ஆகும்னு பயப்படுவான், ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கற வண்டியா இருந்தா அந்த உதைப்ப அது வாங்கிக்கும். டியூக்ல சூப்பர்மோட்டோ ஏபிஎஸ்னு ஒரு மோட் இருக்கு, அதப் போட்டா பின் சக்கரம் லாக் ஆகாமத் தடுக்கற ஏபிஎஸ் வேல செய்யாது. உங்க பையன் வண்டிலயும் அப்படி ஏதாச்சும் இருந்தா காட் ரோட்டுல அதத் தொடவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. ரோடு குறுகலா இருக்கற எடத்துல ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டிதான் வழி விடணும், அது சட்டம், அதையும் சேத்துச் சொல்லுங்க.

கூடலூர் வாசகர்: புது டயர் வழுக்கும்னு சொல்றாங்களே, நெசமா?

நெசம்தான். மேல் தோல் பளபளன்னு இருக்கும், முதல் நூறு நூத்தம்பது கிலோமீட்டர் பதமா ஓட்டி அது தேஞ்சு சொரசொரப்பு ஆகணும். ஆனா நம்ம பக்கம் டயர விட ரோட்டப் பத்தித்தான் நான் கவலப்படுவேன். கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவி ஏத்துன லாரி வழி நெடுக தண்ணி ஒழுக விட்டுட்டுப் போகும், அதுல மண்ணும் கலந்து கெடக்கும். தேயிலத் தோட்டத்து ஓரம் நெழல்ல பாசி புடிச்ச ரோடு வெயில் காலத்துலயும் காயாது. அங்க புது டயர், பழைய டயர் எல்லாம் ஒண்ணுதான். வண்டில மழைக்குன்னு பவர மெதுவா விடற ரெயின் மோட் இருந்தா போட்டுக்கங்க, அது வெக்கப்படற விஷயம் இல்ல.

கோவை வாசகர்: வீக்கெண்ட்ல கல்லட்டி வழியா மசினகுடி இறங்கலாம்னு பிளான், புது பைக்ல. ஓகேவா?

36 கொண்டை ஊசி, செங்குத்தான இறக்கம், அந்த வழியா வெளியூர் வண்டிய இறங்க விடமாட்டாங்க. கூடலூர் சுத்திப் போங்க. 2024 மே 7லருந்து ஊட்டிக்கு வர்ற வெளி வண்டிக்கு இ-பாஸ் வேற இருக்கு, கெளம்பறதுக்கு முன்னாடி எடுத்துக்கங்க.

குன்னூர் வாசகர்: அம்மாவ பின்னாடி உக்கார வச்சு சந்தைக்குப் போகலாமா சார்?

பின் சீட்ட பாத்தீங்களா? ஒரு சாண் அகலம், ஒசரத்துல வேற இருக்கு, சேல கட்டுனவங்க ஒரு பக்கமா உக்கார்ற சீட்டே இல்ல அது. காய் மூட்டைய எங்க வைப்பீங்க? வீட்டுல ஸ்கூட்டர் இருந்தா அத விக்காம வச்சிக்கங்க.