அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் எந்த அனுபவத்தை எழுதுவது?

கேள்வி: இந்த ஆண்டு அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். ஆய்வகத்தில் இரண்டு வருடம், பாட்டியின் மறைவு, சென்னையில் பெரியப்பாவின் மருத்துவமனையில் ஒரு கோடை விடுமுறை. கட்டுரைக்கு எதை எடுப்பது?

பதில்:

அந்த மூன்றாவதைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் பெரியப்பா, எனக்குத் தாய்மாமா. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் 14 வயதில் நியூ ஜெர்சிக்கு வந்தவள். இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டாவது முறை இடம் கிடைத்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் மாமா ஒரு சின்ன நர்சிங் ஹோம் வைத்திருக்கிறார். கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஆறு வாரம் அங்கே இருந்தேன். ஒரு நாள், அறுப்பு வேலையில் கருக்கரிவாள் பட்டுக் கை கிழிந்த ஒருவர் வந்தார். மாமா ஊசியை என்னிடம் கொடுத்து, "போடும்மா, பக்கத்துல நான் இருக்கேன்ல" என்றார். நான்கு தையல். போகும்போது அந்த மனிதர் கட்டுப் போட்ட கையோடு, "வரேங்க டாக்டரம்மா" என்று கும்பிட்டார். எனக்கு அப்போது வயது 19.

திரும்பி வரும் விமானத்திலேயே கட்டுரையை ஆரம்பித்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரைக்கு இடைவெளியும் சேர்த்து 5,300 எழுத்துதான் இடம். பாதியைத் தையலுக்கே கொடுத்தேன். கடைசி வரியில் அந்தக் கும்பிடு.

முதல் முறை விண்ணப்பித்த வருடம் ஒரே ஒரு கல்லூரிதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. எதிரே வயதான ஒரு குழந்தை மருத்துவர், கையில் என் கட்டுரை. ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "நீங்கள் டாக்டர் இல்லை என்பது அந்த நோயாளிக்குத் தெரியுமா?"

என்னத்தைச் சொல்ல? டாக்டரம்மா என்று அவர் கூப்பிட்டதை நானேதான் பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். ஏதோ உளறினேன். மாமா பக்கத்தில் இருந்தார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் மாணவர்கள் தங்களுக்குப் பயிற்சி இல்லாத சிகிச்சை வேலையைச் செய்யக் கூடாது. செய்தால் அது விண்ணப்பத்துக்கே பாதகமாகலாம். மாமாவைத் திட்ட யாரும் வரவேண்டாம். அவர் ஆசையில் செய்தார். ஊசியை வாங்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஒன்றரை வருடம் இங்கே ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தேன். நம் ஊர் அர்த்தத்தில் இல்லை, முதியோர் பராமரிப்பு இல்லம். அதில் சி.என்.ஏ. என்கிற உதவியாளர் வேலை: குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது. இதற்கே மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும், பிறகு தேர்வும் உண்டு. ஒரு வாய் கஞ்சி ஊட்ட 75 மணி நேரம். தையல் போட, மாமா வீட்டுப் பெண் என்பது போதுமாக இருந்தது.

அங்கே ஒரு பெரியவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிக்கல். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். வாயில் வைத்தால் கூழ் மாதிரி வழவழ என்று இருக்கும். நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். தினமும் நல்ல தண்ணீர் கேட்பார். தினமும் இல்லை என்பேன். தினமும் திட்டுவார். நர்ஸிடம் சொன்னேன். விழுங்கும் திறனைப் பார்க்கும் தெரபிஸ்ட் வந்து மறுபடி சோதித்தார். அதே முடிவுதான். மறுநாளும் அதே கெட்டித் தண்ணீர், அதே திட்டு.

இரண்டாவது முறை அதைத்தான் எழுதினேன், அவர் யாரென்று தெரியாதபடி மாற்றி. தாகம் என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது என்று. நான்கு நேர்காணல்கள் வந்தன. மூன்றில் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. என்ன கேட்டாலும் பதில் இருந்தது, ஏனென்றால் ஒளிக்க ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் அம்மா ஒரு வேலை செய்தார். கோயிலில் யார் கேட்டாலும், "பொண்ணு ஹாஸ்பிடல்ல ரிசர்ச் பண்றா" என்பார். ஒரு நாள் காரில் கேட்டே விட்டேன். "ஆயா வேலைன்னு வெளியே சொல்ல முடியுமாடி?" என்றார். டாக்டர் மகள் வேண்டும், ஆனால் மகள் யாரையும் தொட்டுக் கழுவக் கூடாது. என்ன கணக்கோ! இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். இன்னும் ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

"இரண்டாம் முறை எம்கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் கூடியிருக்கும், அதனால் கிடைத்திருக்கும்" என்று கமென்டில் வருவீர்கள். கூடியது உண்மை. நான் சேர்க்கைக் குழுவில் இருந்தவளும் இல்லை. பாட்டியைப் பற்றி எழுதி இடம் வாங்கியவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பாட்டி படுத்திருந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நாலு பத்தி எழுத முடிந்தால் தாராளமாக எழுதுங்கள். அழுதது மட்டும்தான் என்றால் வேண்டாம்.

ஆய்வகத்தை அனுபவப் பட்டியலில் போட்டுவிடுங்கள். 15 இடம் தருகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. மிக முக்கியம் என்று மூன்றைக் குறித்தால் அவற்றுக்கு மட்டும் மேலும் 1,325. இரண்டு வருட வேலைக்கு அது தாராளம்.

பெரியப்பா மருத்துவமனையில் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஓரமாக நின்று பார்த்தது மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை, பட்டியலில் போடலாம். கையுறை மாட்டியிருந்தால், அந்தக் குழந்தை மருத்துவர் கேட்ட கேள்வியை முதலில் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தையல் போடும் போட்டோவை மாமா இன்னமும் என் பிறந்தநாளுக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுகிறார். "எங்க வீட்டு டாக்டர்" என்று எழுதி, மேலே இரண்டு கும்பிடு.