கொடெக் தேடி அலையாதீங்க: கிழக்கில இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வீடியோ ஓடவில்லை, கொடெக் கேட்கிறது, சத்தம் இல்லை, படம் இல்லை. கொடெக் என்றால் சுருக்கி வைத்த படத்தையும் சத்தத்தையும் அவிழ்த்துக் காட்டும் சொப்ட்வெயார். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். ஆட்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வாழைச்சேனை: அண்ணா, எம்கேவி பைல் ஒண்டு. விண்டோஸ்ல திறந்தா கொடெக் இல்லையாம். கூகிள்ல தேடினா நூறு கொடெக் வருது. இதில எத இறக்கிற?

ஒன்றையும் இறக்க வேண்டாம் தம்பி. முதலில் ஒரு விசயம் விளங்க வேண்டும். எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் வெறும் சாக்கு. உள்ளே சம்பாவா, நாட்டரிசியா என்று அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே கிடக்கிற படத்தைச் சுருக்கிய முறை எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம், ஏவி1 ஆகவும் இருக்கலாம். சத்தம் அதற்குப் பக்கத்தில் தனியாகக் கிடக்கும். அதனால் பைலின் பெயரில் எம்கேவியை அழித்து எம்பி4 என்று எழுதினால் ஒன்றும் மாறாது.

விஎல்சி பிளேயரைப் போடுங்கள். தேவையான கொடெக் கிட்டத்தட்ட எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸிடம் அது எதையும் கேட்காது. 1996இல் பாரிஸ் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் தொடங்கிய வேலை. இன்றைக்கும் இலவசம், விளம்பரமும் இல்லை. ஒரு கவனம் மட்டும் தேவை: தேடும்போது மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாமல் வீடியோலேன் டொட் ஓஆர்ஜி என்ற முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். படம் ஓடும்போது கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் உள்ளே என்ன கொடெக் என்று காட்டும். இனிமேல் கேள்வி கேட்கிறவர்கள் அந்தப் பெட்டியில் இருப்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது எனக்கு லேசு.

காத்தான்குடி: நானா, ஒரு சைட்ல படம் பாக்கப் போனா "உங்கட கொடெக் பழசு, இத இன்ஸ்டோல் பண்ணுங்க" எண்டு பெட்டி வருது. தம்பி அத அமத்திட்டான். பிரச்சினை இரிக்கா?

இருக்கிறது. பிரவுசரில் படம் காட்டுகிற எந்த ஒழுங்கான தளமும் கொடெக் இறக்கச் சொல்லாது. பிரவுசருக்குத் தேவையானது அதோடேயே வருகிறது. 2005 அளவில் ஸ்லொப் என்ற ட்ரோஜன், அதாவது நல்லது போல நடித்து உள்ளே வரும் கெட்ட புரோகிராம், கொடெக் வேசத்தில்தான் உலகம் முழுக்கப் பரவியது. இருபது வருசம் கழிந்தும் அதே பொறி, அதே பெட்டி.

இப்போதே வைஃபையை நிறுத்துங்கள். கடைசியாக ஏறிய புரோகிராம்களைப் பார்த்து, தெரியாததை அகற்றுங்கள். பிறகு விண்டோஸ் செக்கியுரிட்டியில் வைரஸ் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஒப்ஷன்ஸில் ஒஃப்லைன் ஸ்கேனைத் தெரிவுசெய்து ஓட்டுங்கள். கொம்பியூட்டர் தானாக நின்று திரும்ப ஏறி, விண்டோஸ் எழும்பும் முன்பே தேடும். வங்கி, மின்னஞ்சல், பேஸ்புக் பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். அதை அந்த மெஷினில் செய்யக்கூடாது, போனில் செய்யுங்கள். தம்பிக்கு ஏசவும் வேண்டாம். ஏசினால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பான்.

செங்கலடி: தங்கச்சி கட்டாரில இருந்து ஐபோன் வீடியோ அனுப்பினா. லெப்டொப்பில சத்தம் மட்டும் வருது, படம் கறுப்பு.

அது எச்இவிசி, எச்.265 என்பதும் அதுதான். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததில் இருந்து ஐபோன் அப்படித்தான் பதிவுசெய்கிறது. இடம் குறையும் என்பதற்காக. விண்டோஸில் உள்ள மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் என்ற கடையில் எச்இவிசி எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, விலை 0.99 டொலர். நம்மில் பலரிடம் அதற்குக் கொடுக்கக் கார்ட் இல்லை. தேவையும் இல்லை, விஎல்சியில் திறந்தால் படம் வரும். ஏவி1 எக்ஸ்டென்ஷன் அதே கடையில் இலவசம், அதை எடுத்து வைக்கலாம்.

தங்கச்சியிடம் சொல்லுங்கள்: செட்டிங்ஸ், கமரா, ஃபோர்மட்ஸ், அங்கே "மோஸ்ட் கொம்பாட்டிபிள்". அதற்குப் பிறகு எடுப்பது எச்.264 ஆக வரும், எங்கேயும் ஓடும்.

கல்முனை: என்ட லெப்டொப் ஐ3, நாலாம் தலைமுறை. விஎல்சி இரிக்கு. ஆனா எச்.265 பத்து பிட் படம் விட்டு விட்டு ஓடுது. நல்ல கொடெக் ஏதும் இரிக்கா?

கொடெக்கில் குறையில்லை. எச்.265ஐ அவிழ்க்கும் தனிப் பகுதி உங்கள் சிப்பில் இல்லை. இன்டெலில் அது ஆறாம் தலைமுறையில் எட்டு பிட்டுக்கும், ஏழாம் தலைமுறையில் பத்து பிட்டுக்கும் வந்தது. ஏவி1 என்றால் பதினோராம் தலைமுறை வேண்டும். அது இல்லாத மெஷினில் முழுப் பாரமும் பிராசசரின் தலையில் விழுகிறது. விசிறி கத்துவதும் அதனால்தான். ராம் கூட்டினாலும் இது தீராது, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அதே படத்தை எச்.264இல் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சொப்ட்வெயாரில் "ஃபாஸ்ட் 1080பி30" என்ற அமைப்பைப் போட்டு இரவில் ஓட விடுங்கள். அந்த மெஷினில் மணிக்கணக்காகும், ஆனால் காலையில் வழுக்கிக்கொண்டு ஓடும் பைல் இருக்கும். யூடியூபும் திக்கினால் எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போடுங்கள். அது யூடியூபை எச்.264 அனுப்ப வைக்கும். பழைய லெப்டொப்பில் பாடம் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள்.

திருக்கோவில்: ஐயா, அப்பா ஆடின வடமோடிக் கூத்து ஒரு விசிடியில இரிக்கு. அப்பா இப்ப இல்ல. டிஸ்க்கப் போட்டா டட் எண்ட பைல்தான் தெரியுது, திறக்குதில்ல. கொப்பி பண்ணினா பாதியில நிக்குது. என்ன கொடெக் வேணும்?

இதை ஆறுதலாக வாசியுங்கள், அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம்.

கொடெக் இதில் சின்ன விசயம். விசிடியில் இருப்பது எம்பெக்-1, நம் பக்கத்து டிஸ்க் என்றால் 352க்கு 288 புள்ளி. எம்பெக்ஏவி என்ற போல்டருக்குள் ஏவிசெக்01 என்ற பெயரில் அந்த டட் பைல் கிடக்கும். விஎல்சியில் அப்படியே திறக்கும்.

பெரிய விசயம், கொப்பி பாதியில் நிற்பது. டேட்டா சீடியில் ஒவ்வொரு துண்டிலும் பிழை திருத்துவதற்கென்று கொஞ்சம் மேலதிக எழுத்து இருக்கும். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் டேட்டா சீடியில் ஒன்றும் செய்யாத கீறல், விசிடியில் விண்டோஸைக் கொப்பியை நிறுத்த வைக்கிறது.

டிஸ்க்கை விளிம்பில் பிடியுங்கள். மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமான கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல துண்டுகள் போகும். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்த டிஸ்க்கில் அதைச் செய்யவே வேண்டாம். பிறகு வேறு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். பழைய மேசைக் கொம்பியூட்டரின் டிரைவ் பல தடவை லெப்டொப் டிரைவை விட நன்றாக வாசிக்கும்.

அதிலும் நின்றால், விஎல்சியில் டிஸ்க்காகத் திறந்து ஓட விட்டபடியே கணினித் திரையைப் பதிவுசெய்யுங்கள். கீறல் உள்ள இடத்தில் கட்டம் கட்டமாக உடையும், ஆனால் மீதிக் கூத்து கைக்கு வரும்.

பைல் கிடைத்ததும் அதை மாற்றாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தத்திடம். எச்டி ஆக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கொப்பியை மட்டும் கொடுங்கள். அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார், அப்பா வரவுத் தரு ஆடி வருகிறார் என்றால், மங்கலாக இருந்தாலும் அந்த முதல் பைலில் இருப்பதுதான் உண்மையான முகம். உங்கள் ஊரில் இன்னும் எத்தனை வீட்டு அலுமாரியில் இப்படி விசிடி கிடக்கிறதென்று கேட்டுப் பாருங்கள். எழுதின சீடிகளில் பூச்சு உரிந்துகொண்டு வருகிறது. டிரைவ் உள்ள மெஷினும் குறைந்துகொண்டு வருகிறது.

சம்மாந்துறை: கே-லைட் கொடெக் பெக் போடலாமா?

பல கொடெக்குகளை ஒன்றாகக் கட்டின பொதி அது. விஎல்சி இருந்தால் தேவையில்லை, வேண்டுமென்றால் போடலாம், ஸ்டாண்டர்ட் பதிப்பு போதும். எல்லா எடிட்டிங் சொப்ட்வெயாருக்கும் இது உதவும் என்று எண்ண வேண்டாம். பிரீமியர் போன்றவை பெரும்பாலும் தமது சொந்தக் கொடெக்கையே பாவிக்கும், அவற்றுக்கு உதவாது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வேறு பெக்குகளைப் போட்டால் ஒன்றோடொன்று இடிக்கும். இருப்பதை அகற்றிவிட்டுப் போடுங்கள்.

ஏறாவூர்: புது லெப்டொப், விண்டோஸ் 11. படம் வருது, சத்தம் வருதில்ல. மத்த வீடியோ எல்லாம் ஓகே.

சத்தம் ஏசி-3, அதாவது டொல்பி டிஜிட்டலாக இருக்கும். 24எச்2 பதிப்பில் இருந்து விண்டோஸ் 11 அந்தக் கொடெக்கைத் தன்னோடு கொண்டுவருவதில்லை. விஎல்சியில் கேட்கும்.

கொக்கட்டிச்சோலை: தேர்த் திருவிழாவ போன்ல எடுத்துக்கொண்டு நிக்கக்க பட்டரி போயிட்டு. எம்பி4 பைல் இரிக்கு, 3 ஜிபி காட்டுது. எதிலயும் திறக்குதில்ல. விஎல்சியும் தோத்திட்டு.

எந்தக் கொடெக்கும் இதைத் திறக்காது அக்கா. ஆனால் மனம் விட வேண்டாம், 3 ஜிபி காட்டுவது நல்ல அறிகுறி. படம் உள்ளே கிடக்கிறது. எம்பி4இல் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான போன்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். பட்டரி போனதால் அது எழுதப்படவில்லை.

அன்ட்ரங்க் என்று ஓர் இலவச சொப்ட்வெயார் இருக்கிறது. அதே போனில், அதே கமரா அமைப்பில் எடுத்த வேறொரு நல்ல வீடியோவைப் பக்கத்தில் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த பைலுக்கு அட்டவணை கட்டப் பார்க்கும். அதே போன் என்பது முக்கியம். அண்ணன்ட போனில் எடுத்தது சரிவராது. முதலில் உடைந்த பைலை ஒரு கொப்பி எடுத்து, கொப்பியில் வேலை செய்யுங்கள். நெட்டில் ஏற்றினால் திருத்தித் தருகிறோம் என்கிற தளங்களுக்கு 3 ஜிபி டேட்டா செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அக்கரைப்பற்று: கடையில களவு போயிட்டு. சிசிடிவிக்காரர் பென்ட்ரைவ்ல தந்த பைல் ஒண்டும் திறக்குதில்ல. பொலிஸுக்குக் குடுக்கணும்.

அந்தப் பெட்டிகளில் பல தமக்கென்று சொந்தமான பைல் வகையில் எழுதும். பென்ட்ரைவில் அதோடு சின்ன பிளேயர் ஒன்றும் வந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பெட்டி செய்த நிறுவனத்தின் தளத்தில் எடுக்கலாம். விஎல்சியிலும் ஓடலாம், ஆனால் நேரக் கணக்கு இல்லாமல் வேகம் கூடிக் குறைந்து தெரியும்.

பொலிஸுக்கு மூலப் பைலையே கொடுங்கள், மாற்றினதைக் கூடவே கொடுக்கலாம். மாற்றும்போது திகதியும் நேரமும் போய்விடக்கூடும். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: இடம் நிரம்பினதும் பெட்டி பழைய பதிவின் மேல் எழுதிக்கொண்டு போகும். களவு நடந்த மணிக்கு முன்னும் பின்னும் சேர்த்து, எல்லாக் கமராவையும் உடனே வெளியில் எடுங்கள்.

கல்லடி: கலியாண வீடியோ 6 ஜிபி, பென்ட்ரைவ்ல ஏறுதில்ல. "பைல் பெரிசு" எண்டுது, ஆனா 32 ஜிபி பென்.

பென் ஃபட்32 என்ற பழைய ஃபோர்மட்டில் இருக்கிறது. அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு எக்ஸ்ஃபட்டாக ஃபோர்மட் செய்யுங்கள். பழைய டீவி எக்ஸ்ஃபட்டை எடுக்காவிட்டால் என்டிஎஃப்எஸ் போட்டுப் பாருங்கள். அடுத்த கலியாணத்துக்கு ஸ்டூடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: எச்.264, 1080, சத்தம் ஏஏசி. பத்து வருசப் பழைய டீவியிலும் பெரும்பாலும் ஓடும்.

பொத்துவில்: உபுண்டு போட்டிரிக்கன். எம்பி4 ஓடுதில்ல.

உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் என்ற பொதியை நிறுவுங்கள். இடையில் எழுத்துரு உரிமத்தைக் காட்டி நிற்கும்; டெப் விசையால் ஓகேக்குப் போய் என்டர் அழுத்த வேண்டும்.

களுவாஞ்சிகுடி: விஎல்சியில தமிழ் சப்டைட்டில் பெட்டி பெட்டியா வருது.

கன்ட்ரோல் பி அழுத்தி சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போங்கள் டீச்சர். எழுத்துருவை நிர்மலா யூஐ ஆக்குங்கள், என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்குங்கள், சேமித்து விஎல்சியை மூடித் திறவுங்கள். பெட்டிக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் அந்த சப்டைட்டில் பாமினி என்ற, யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில் தட்டினது. நோட்பேடில் திறந்து, யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து சேமியுங்கள். மாற்றியில் போடும்போது நேரம் எழுதின வரிகளை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் மாற்றுங்கள். அந்த வரிகளில் உள்ள குறிகள் மாறினால் சப்டைட்டில் வரவே வராது.