இடித்தது உடனே தெரிகிறது, வலி ஏன் பிந்தி வருகிறது?

கேள்வி: வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால், இடித்தது அந்தக் கணமே தெரிகிறது, கடுக்கும் வலியோ சற்றுப் பிந்தித்தான் வருகிறது. நரம்பில் ஓடுவது மின்சாரம் என்றால் ஏன் இந்தத் தாமதம்? எனக்கு வயது 46. இது நரம்புத் தளர்ச்சியா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அஞ்ச வேண்டாம். நரம்புகள் நலமாக உள்ள எல்லோருக்கும் இந்தத் தாமதம் உண்டு. இதற்காக டானிக் எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள்.

நரம்பில் செல்வது கம்பியில் ஓடும் மின்சாரம் அன்று. ஓய்வில் உள்ள நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் போதிய அளவை எட்டியதும் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய, அவ்விடத்தின் மின்னழுத்தம் கணநேரம் தலைகீழாகி, அந்த மாற்றமே அடுத்த பகுதியின் வாயில்களைத் திறந்துவிடுகிறது. பின்னாலேயே பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் இதை அளந்து 1952இல் விளக்கினார்கள். இவ்வாறு இடத்துக்கு இடம் புதிதாகப் பிறந்து முன்னேறுவதால்தான் சைகை வழியில் தேய்ந்துபோவதில்லை. அதற்கு நேரம் பிடிப்பதும் அதனால்தான்.

எவ்வளவு நேரம் என்பது இழையைப் பொறுத்தது. தொடுகையைச் சொல்லும் இழைகள் தடித்தவை. கொழுப்பு மிகுந்த மயலின் உறை அவற்றைச் சுற்றியிருப்பதால், சைகை உறையின் இடைவெளிகளில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, வினாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை விரைகிறது. கடுப்பைச் சொல்லும் இழைகள் மிக மெல்லியவை, உறையற்றவை. அவற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவது அரிது. விரலிலிருந்து தண்டுவடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்றால், தொடுகை வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் போய்ச் சேர, கடுப்பு வந்துசேர ஒரு வினாடிகூட ஆகலாம். முதலில் சுரீரென்று வரும் வலிக்கு மெல்லிய உறையுள்ள வேறு இழைகள் உண்டு. அதன் வேகம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

இடித்த விரலை உங்களையறியாமல் தேய்த்துவிடுவீர்கள் அல்லவா? அது வீண் செயலன்று. தொடுகைச் சைகைகள் தண்டுவடத்தில் வலிச் சைகையை ஓரளவு தடுக்கின்றன என்ற கருத்தை மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்தார்கள். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது.

வலி பிந்துவதைப் பற்றியன்று, வராமலே போவதைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மரத்துப்போய், காயம்பட்டதே தெரியாமல் புண்ணாகிவிடுவது உண்டு. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் தினமும் பாதங்களைப் பாருங்கள். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்வைச் சோதிக்கும் எளிய பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.