சுண்டு விரலின் பாஷை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம், கூடவே வலிப்பும் உண்டு. பேச மாட்டான். என் சுண்டு விரலைப் பிடித்து இழுத்தால் தண்ணீர் கேட்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை, இப்படிப்பட்ட பிள்ளைகளை மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளப் போகிறார்களாம். கணவர் விடலாம் என்கிறார். மாமியாரோ, "பெற்றவள் செய்ய வேண்டியதை ஊரார் செய்வதா?" என்கிறார். எனக்கும் மனசு உறுத்துகிறது.

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாக விடுங்கள். ஆனால் விசாரித்துவிட்டு விடுங்கள்.

முதலில் அந்த உறுத்தல். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன் இறக்கியதை மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் படித்திருப்பீர்கள். அந்த நால்வரும் அவனுக்கு உறவா, நட்பா என்றுகூட அங்கே எழுதியில்லை. நாலு பேர் தூக்க வேண்டிய படுக்கையை நீங்கள் ஒன்பது வருடமாக ஒற்றை ஆளாகத் தூக்குகிறீர்கள். இந்த ஓய்வை யாரும் போடும் பிச்சையாக நினைக்காதீர்கள். 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, ஏழைக் குடும்பங்களுக்கு அரசு உதவ வேண்டியவற்றில் பராமரிப்பவரின் இளைப்பாறலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

சரி, விசாரிப்பது எப்படி? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். என் மகனுக்கென்று தனியாக ஒருவர் இருப்பாரா? எந்த நேரமும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் அறையில் இருப்பார்களா? கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவார்கள்? வாசல் கதவை யார் பார்ப்பார்கள்? தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்த்தீர்களா? "எல்லாரும் நம்ம சபை ஆள்தானே" என்று மழுப்பினால் பொறுத்திருங்கள். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இது அங்கே ஒருவருக்காவது கைப்பழக்கமாக இருக்கட்டும். உங்கள் மருத்துவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் அந்தச் சுண்டு விரல். ஒரு பக்கத் தாளில் முதல் வரியாக அதைத்தான் எழுத வேண்டும். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், எதைக் கையில் கொடுத்தால் அடங்குவான் என்பதெல்லாம் பிறகு. உங்கள் விரலைத் தவிர வேறு விரலையும் அவன் நம்பி இழுக்கப் பழகினால், நாளை நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் அவனுக்குத் தண்ணீர் கிடைக்கும்.

முதல் தடவை அரைமணி நேரம் போதும், நீங்களும் பக்கத்து அறையில் இருங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். நாம் ஆயிரம் சொல்வதைவிட அவரே கண்ணால் பார்ப்பது நல்லது.

மூன்று மணி நேரமும் முழுசாகக் கிடைக்கும் நாளில் துணி மடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். போனைச் சத்தமாக வைத்துவிட்டுத் தூங்குங்கள்.