காரை ஓட்டிப் பார்த்தே அதன் குதிரைத்திறனைக் கணக்கிட முடியுமா?

ஓரளவு முடியும். குதிரைத்திறன் என்பது வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதன் அளவு, நொடிக்கு 735.5 ஜூல் (வேலையை அளக்கும் அலகு) வேலை நடந்தால் 1 குதிரைத்திறன். ஒரே எடையுள்ள மூட்டையை இருவர் மாடிக்குத் தூக்கினால், முதலில் ஏறி முடித்தவருக்குத் திறன் அதிகம். அவ்வளவுதான்.

ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1200 கிலோ உள்ள கார், ஒரே கியரில் முழு ஆக்சிலரேட்டரில் 60-லிருந்து 80 கி.மீ. வேகத்தை 3 நொடியில் எட்டுகிறது என்று வைப்போம். இரு வேகங்களையும் 3.6-ஆல் வகுத்து நொடிக்கு மீட்டராக்கி, வர்க்கங்களின் வித்தியாசத்தை (216) எடையின் பாதியால் பெருக்கினால், வேகம் கூட்ட நடந்த வேலை 1,29,600 ஜூல். 3 நொடிக்குப் பங்கிட்டால் 43,200 வாட் (நொடிக்கு ஜூல்), அதாவது சுமார் 59 குதிரைத்திறன்.

காற்றும் டயரும் தின்றது இதில் சேரவில்லை. அதே இடத்தில் நியூட்ரலில் உருளவிட்டு, 80-லிருந்து 60-க்கு இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். 18 நொடி என்றால், அதே ஜூலை 18-ஆல் வகுக்க, இன்னொரு 10 குதிரைத்திறன் சேரும்.

கண்ணுக்கே தெரியாத 1% சரிவு 3 குதிரைத்திறன் வரை ஏமாற்றும். இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஸ்பீடோமீட்டர் 5% கூட்டிக் காட்டினால் விடை 10% வீங்கும், அதைவிட ஜிபிஎஸ் காட்டும் வேகமே நல்லது. போக்குவரத்து இல்லாத மூடிய பாதை கட்டாயம்.

விளம்பரத்தில் சொன்னதைவிடக் குறைவாக வந்தால் இன்ஜின் பழுது என்று அர்த்தமில்லை: அது இன்ஜினில் அளந்த உச்சம், இது கியர்பாக்ஸ் தாண்டிச் சக்கரத்துக்கு வந்த சராசரி.