நாடு ஆராய்ச்சிக்குச் செய்யும் செலவை யார் எண்ணுகிறார்கள்?

கேள்வி: இந்தியா ஆராய்ச்சிக்கு ஜிடிபியில் 0.64 சதவீதம்தான் செலவழிக்கிறது என்கிறார்களே, இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நம்பலாமா?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பொருளாதார நிபுணன் இல்லை. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவன். ஆனால் அந்த 0.64-க்குள் ஒரு துளி என் கையெழுத்தில் போனது, அதனால் பதில் சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டு.

முதலில் பாடம். 1963-ல் இத்தாலியின் ஃபிராஸ்காட்டி ஊரில் ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) நிபுணர்கள் கூடி ஒரு கையேடு போட்டார்கள். கடைசிப் பதிப்பு 2015. பெரும்பாலான நாடுகள் அதன்படிதான் எண்ணுகின்றன. பணம் கொடுத்தவரைக் கேட்பதில்லை, ஆராய்ச்சியைச் செய்தவரைத்தான் கேட்பார்கள். அரசு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததை இருவரும் எழுதினால் ஒரே ரூபாய் இரண்டாகிவிடும் அல்லவா? ஒரு ஆள் பாதி நேரம் ஆராய்ச்சி செய்தால் அரை ஆள். மெஷின் வாங்கிய செலவு சேரும், தேய்மானம் சேராது. வழக்கமான தரப் பரிசோதனை சேரவே கூடாது.

இங்கே அறிவியல் தொழில்நுட்பத் துறை இதைப் படிவம் அனுப்பித்தான் திரட்டுகிறது. 2020-21-ல் வந்த கூட்டுத்தொகை சுமார் 1,27,381 கோடி. 2010-11-ல் 60,197 கோடி. இருமடங்குக்கு மேல். ஆனாலும் சதவீதம் ஏறவில்லை, ஏனென்றால் கீழே வகுக்கிற ஜிடிபி அதைவிட வேகமாக ஓடிவிட்டது. இதில் தனியார் பங்கு 36.4 சதவீதம். அந்தத் தனியாரில்தான் நாங்கள் வருகிறோம்.

2014 வாக்கில் எங்களுக்குப் படிவம் வந்தது. டிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் வாங்கிய ஆர் அண்ட் டி பிரிவு இருந்த கம்பெனி. எதற்காக வாங்கினார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: அப்போது வருமான வரிச் சட்டம் 35(2ஏபி) பிரிவில், ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் செலவழித்தால் வரி போடும் வருமானத்தில் 200 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். (2017-ல் அது 150 ஆனது, 2020-ல் வெறும் 100.) அதனால் அந்தப் பிரிவு அறைக்கு ஏசி வந்தது. அடுத்த அறையில் எங்கள் கணக்குப் பிரிவில் ரெகுலேட்டர் போன ஃபேன். மார்ச் மாதக் கடைசியில் ராத்திரி பதினொரு மணிவரை அதன் கீழே உட்கார்ந்து, அந்த ஏசியின் பில்லை நானே ஆராய்ச்சிச் செலவில் ஏற்றியிருக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

ஏசி அறையில் இருந்த இரண்டு இன்ஜினியர் பையன்களும் நாள் முழுக்கச் செய்தது, டெஸ்ட் பெட்டில் பம்பை ஓட்டி ரீடிங் எடுப்பது. பாதிக்கு மேல் வழக்கமான பரிசோதனைதான். இருவர் சம்பளமும் முழுசாக ஆராய்ச்சி என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். ஆனால் சம்பளம் வாங்குகிறவன் என்ன செய்வான் என்பதையும் யோசித்துவிட்டுத் திட்டுங்கள்.

அதே வருஷம் எங்கள் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) இழுக்கும் ஆம்பியரை, அதாவது கரண்டை, உண்மையில் குறைத்தவர், வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பின் மேஸ்திரி. மரப் பேட்டர்னில், தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரின் இறக்கை வளைவை அரம் வைத்துத் தேய்ப்பார். ஃபவுண்டரியில் வார்ப்பார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், சரிப்படாது. மறுபடி பட்டி வைத்து நிரப்பித் தேய்ப்பார். இப்படிப் பதினோரு தடவை. படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"மேஸ்திரி, இதுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்?"

"அதை யாருங்க சார் எழுதி வெச்சாங்க? மத்த வேலைக்கு நடுவுல செஞ்சதுங்க. அளவு வேணும்னா அந்தக் கதவைப் பாருங்க."

கதவின் உள்பக்கம் சாக்பீஸில் பதினோரு வரி. ஒவ்வொன்றிலும் வளைவு அளவு, பக்கத்தில் ஆம்பியர். கையேட்டில் ஆராய்ச்சிக்கு ஐந்து லட்சணம் சொல்லியிருக்கிறது: புதிதாக இருக்க வேண்டும், சொந்த யோசனை வேண்டும், முடிவு முன்கூட்டித் தெரியக் கூடாது, முறைப்படி நடக்க வேண்டும், இன்னொருவர் திரும்பச் செய்ய முடிய வேண்டும். ஐந்தும் அந்தக் கதவில் இருந்தது என்பேன். ஆனால் அவர் சம்பளம் ஃபவுண்டரி தலைப்பில் இருந்தது, அதனால் படிவத்தில் அவருக்குப் பூஜ்யம். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பையன்கள் ஷாப்பைக் கழுவும்போது கதவையும் கழுவிவிட்டார்கள்.

'அப்போ இந்தியப் புள்ளிவிவரமே பொய்யா?' என்று சிலர் கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கம்பெனியின் படிவத்தை வைத்து நாட்டின் கணக்கைத் தள்ள முடியாது. ஒருபக்கம் கூடியது, ஒருபக்கம் விட்டுப்போனது, எங்கள் விஷயத்தில் எது பெரிது என்று இன்றுவரை நான் கூட்டிப் பார்க்கவில்லை. மத்திய அரசின் பங்கான 43.7 சதவீதம் டிஆர்டிஓ (ராணுவ ஆராய்ச்சி), இஸ்ரோ, அணுசக்தித் துறை போன்ற பெரிய இடங்களின் செலவு, பட்ஜெட்டிலேயே பதிவாகிவிடும், அதில் இந்தக் குழப்பம் குறைவு. தென்கொரியா ஐந்து சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது நம் 0.64 குறைவுதான், எத்தனை மேஸ்திரிகளைச் சேர்த்தாலும் அந்த இடைவெளி அடையாது.

தேர்வில் 0.64 என்றே எழுதுங்கள், எந்த வருஷத்துக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: 2020-21, கொரோனா வருஷம்.