மூட்டைச் சுவருக்குப் பின்னால் நிற்பவன் எங்கே குறிபார்க்கிறான்?

சென்ற இதழில், 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் தொடங்கிய சண்டையைச் சேகரிப்புப் பொம்மை வீரர்களைக் கொண்டு டயோரமாவாக, அதாவது சிறு உருவங்கள் கொண்ட முப்பரிமாணக் காட்சியாக, அமைப்பது பற்றி எழுதியிருந்தேன். சுமார் 150 பேர் கொண்ட பிரிட்டிஷ் காவல் படை, மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி அவசரமாகச் சுவர் எழுப்பிக்கொண்டு, 3,000 பேருக்கும் மேற்பட்ட ஜூலு இன வீரர்களை மாலையிலிருந்து விடியும்வரை எதிர்த்து நின்ற சண்டை அது. அதையொட்டி வந்த கடிதங்களில், கடையில் வாங்கிய பொம்மையைக் காட்சிக்கு ஏற்ப மாற்றியமைப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, 1/30 அளவிலான உலோக வீரர்கள் எட்டுப் பேரை வாங்கி, 4 செ.மீ. உயரமுள்ள பாறை விளிம்பின்மேல் கட்டிய மூட்டைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். எல்லாத் துப்பாக்கிகளும் கீழே வருபவர்களின் தலைக்கு மேலே வெறும் வானத்தைப் பார்க்கின்றன. ஒருவனுடைய கைகளைக் கீழ்நோக்கி வளைத்துப் பார்த்தேன், கை முறிந்துவிட்டது. என்ன செய்வது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பிழை கையை வளைத்ததில்தான் இருக்கிறது. துப்பாக்கியைத் தோளில் அணைத்துக் குறிபார்ப்பவனுடைய கன்னம், தோள், இடக்கை மூன்றும் துப்பாக்கியோடு சேர்ந்து ஒரே பூட்டாக இறுகியிருக்கும். அவன் கீழே சுட வேண்டுமானால், அந்தப் பூட்டுக் கலையாமல் இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுவதும் முன்னால் சாயும். கையை மட்டும் தாழ்த்தினால் கண் ஒரு திசையிலும் குழல் வேறொரு திசையிலும் நிற்கும். அந்தக் கை முறியாமல் வளைந்திருந்தாலும் அவன் குறிபார்ப்பவனாகத் தெரிந்திருக்க மாட்டான். ஆகவே வெட்ட வேண்டிய இடம் இடுப்பு.

வெட்டுவதற்கு முன்னால் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இந்த அளவில் நிற்கும் வீரனின் தோள் தரையிலிருந்து சுமார் 48 மி.மீ. உயரத்தில் இருக்கும், பாறை விளிம்பின் 40 மி.மீ. உயரத்தையும் சேர்த்தால் 88 மி.மீ. ஆகிறது. கீழே ஓடி வரும் ஜூலு வீரனின் மார்பு சுமார் 43 மி.மீ. உயரத்தில் இருக்கும். இருவருக்கும் இடையே 20 செ.மீ. தூரம் இருந்தால், குழல் அந்தத் தூரத்துக்குள் 45 மி.மீ. இறங்க வேண்டும், இது ஏறத்தாழ 13 பாகைச் சாய்வு. கணக்கில் நம்பிக்கை வராதவர்கள், தோளிலிருந்து எதிராளியின் மார்புக்கு ஒரு தையல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அதே சாய்வு கண்ணுக்குத் தெரியும்.

இனி வெட்டு. இடைவாரின் கீழ் விளிம்பை ஒட்டி, நகைப் பட்டறையில் பயன்படும் மெல்லிய ரம்பத்தால் நிதானமாக அறுங்கள். பிற்பாடு ஒட்டுத் தெரியாதபடி வாரே அதை மறைத்துவிடும். இரண்டு பாதிகளிலும் 1 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகி, வயிற்றுப் பக்கத்து விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்படியும் முதுகுப் பக்கம் திறந்திருக்கும்படியும் வைத்து ஒட்டுங்கள். இடுப்பின் முன்பின் தடிமன் 8 மி.மீ. என்றால், முதுகில் விழ வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 1.8 மி.மீ. முன்பக்கத்தில் ஆப்பு வடிவில் அறுத்தெடுத்தும் இதே சாய்வைக் கொண்டுவரலாம் என்றாலும், அப்படிச் செய்தால் வீரனின் உயரம் குறைந்துவிடும். சுவருக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் தேவை. கம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது பசையை மட்டும் நம்பினேன். மூன்றாம் நாள் அலமாரிக் கதவைச் சாத்திய அதிர்வில் மேலுடல் கழன்று விழுந்து துப்பாக்கிக் குழல் வளைந்துபோனது.

இடைவெளியை இரண்டு பகுதிகளைப் பிசைந்து பயன்படுத்தும் எபாக்சி புட்டியால் நிரப்புங்கள். உள்நிரப்புக்குக் குழாய் வேலைக்கு வாங்கும் எம்-சீல் போதும். சட்டையின் மேற்பரப்புக்கு மில்லிபுட் போன்ற நயமான புட்டிதான் வேண்டும். நீங்களே கண்ணாடி முன் நின்று முன்னால் சாய்ந்து பாருங்கள்: முதுகில் துணி இழுபட்டு வழவழப்பாகும், வயிற்றில் சுருங்கி மடிப்பு விழும். பலரும் இதை மாற்றி, புதிதாகப் புட்டி வைத்த முதுகில் மடிப்பைக் கீறிவிடுகிறார்கள். முன்பக்கத்திலோ வார்ப்பில் இருந்த பழைய மடிப்பே அப்படியே நிற்கிறது. முதுகை ஈரத் தூரிகையால் தடவி மழுங்கச் செய்து, வாருக்கு மேலே வயிற்றில் இரண்டு சிறு மடிப்புகளை மட்டும் சேர்த்துவிட்டால், பார்ப்பவருக்குச் சாய்வின் காரணம் தானாகப் புரியும்.

எட்டுப் பேரையும் இப்படிச் சாய்க்க வேண்டாம். ஐந்து பேர் போதும். ஒருவனைத் தலையை மட்டும் திருப்பிப் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க வையுங்கள். கை முறிந்தவனுக்குத் தோளில் கட்டுப் போட்டு மூட்டையில் சாய்த்து உட்கார வைக்கலாம்.

கேள்வி: என்னிடமுள்ள பிரிட்டிஷ் வீரர்களின் தொப்பி பளிச்சென்ற வெள்ளையாக, முன்புறம் பித்தளை முத்திரையோடு இருக்கிறது. இப்படியே விடலாமா? துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட்டும் சற்றுக் குட்டையாகத் தோன்றுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: விட வேண்டாம். அங்கே நின்ற 24ஆம் படைப்பிரிவின் வீரர்கள் களத்தில் வெள்ளைத் தொப்பி வெயிலில் மின்னித் தங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, அதைத் தேநீரில் நனைத்துக் கறையேற்றினார்கள். முத்திரையையும் கழற்றி வைத்தார்கள். முத்திரையை நுண்ணிய அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, தொப்பிக்கு வெளிர்ப் பழுப்பு அடியும் அதன்மேல் நீர்த்த காவிப் பூச்சும் கொடுங்கள். தேநீர்க் கறை எங்கும் ஒரே சீராகப் படியாது என்பதால் ஒவ்வொரு தொப்பியும் சற்று வேறு நிறமாக இருப்பதே பொருத்தம்.

பயனெட் பற்றிய உங்கள் ஐயம் சரியானது. அவர்கள் ஏந்திய மார்ட்டினி-ஹென்ரி துப்பாக்கியின் நீளம் சுமார் 124.5 செ.மீ.; அதில் மாட்டிய பயனெட்டின் அலகு மட்டுமே 54 செ.மீ.க்கு மேல். 1/30 அளவில் துப்பாக்கி 41.5 மி.மீ., அலகு 18 மி.மீ. ஆக மொத்தம் சுமார் 60 மி.மீ. வருவதால், பயனெட் மாட்டிய துப்பாக்கி அதை ஏந்தியவனைவிடச் சற்று உயரமாகவே இருக்க வேண்டும். வார்க்கும்போதும் அனுப்பும்போதும் உடையாமல் இருக்கத் தயாரிப்பாளர்கள் அதைக் குட்டையாகவும் தடிமனாகவும் செய்துவிடுகிறார்கள். அதை நறுக்கிவிட்டு, தோல் தைக்கும் ஊசியின் முனையைச் செருகுங்கள். அந்த பயனெட்டைப் போலவே அந்த ஊசியின் நுனியும் மூன்று விளிம்பு கொண்டது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் நுனியைச் சற்றே மழுக்கிவிடுங்கள்.

கேள்வி: மென்பிளாஸ்டிக் வீரனின் துப்பாக்கி வில்லைப் போல வளைந்திருக்கிறது. நேராக்க முடியுமா? (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: முடியும். கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் வைத்து, நேராகப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்குங்கள். கொஞ்சம் திரும்பி வளைந்தால் மறுபடியும் ஒருமுறை செய்யுங்கள். மென்பிளாஸ்டிக்கில் வண்ணம் எளிதில் உரிந்து வரும். சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, நெகிழ்வுள்ள பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிய பிறகே வண்ணத்தைத் தொடுங்கள்.

கேள்வி: ஜூலு வீரர்களின் பொம்மைகளை எந்த மாற்றமும் செய்யாமல் வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அவை பார்க்கவும் அழகாகத்தான் இருக்கின்றன. தங்கள் கருத்து என்ன? (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் நண்பரோடு நான் உடன்படவில்லை. என்னைக் கேட்டால், இந்த டயோரமாவில் அதிக உழைப்பைப் பெற வேண்டியவர்கள் அவர்கள்தான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அவர்களுக்கு நெடிய இறகுகளும், கை கால்களில் அடர்ந்த மாட்டுவால் குஞ்சங்களும் கொடுத்துவிடுகிறார்கள். அது அரசர் முன்னிலையில் கூடும் விழாவுக்கான கோலம். போருக்குப் போகும்போது அதில் பெரும்பகுதியை வீட்டிலேயே விட்டுவிட்டு, தோலாலான இடையுடையும் கழுத்தில் காப்புக் கயிறுகளுமாகத்தான் அவர்கள் ஓடி வந்தார்கள்.

அன்று அங்கே வந்த படைகளில் உதுல்வானா போன்றவை மணமான, நடுவயதுக்காரர்களின் படைகள். மணமானவர்கள் தலைமுடியோடு சேர்த்துப் பின்னி மெழுகி மெருகேற்றிய இசிகோகோ என்னும் வளையத்தை அணிந்திருப்பார்கள். ஆகவே இறகுகளை நறுக்கித் தலையை வழவழப்பாக அராவி, புட்டியை நூல்போல உருட்டி, நெற்றிக்கு மேலே உச்சியைச் சுற்றி வளையமாக ஒட்டிக் கறுப்புப் பூசி, அதன்மேல் மட்டும் சிறிது பளபளப்பு வார்னிஷ் தொட்டு வையுங்கள். முகத்தில் சில கோடுகளையும் தாடியில் ஓரிரு நரையையும் சேர்த்தால், கடையில் ஒரே அச்சில் வார்த்த இளைஞன் நாற்பதைத் தாண்டிய குடும்பத் தலைவனாகிவிடுவான். அந்தப் படைகள் முந்தைய நாள்களில் நெடுந்தூரம் நடந்து, அன்றும் ஆற்றைக் கடந்து வந்தவை; கால்களில் முழங்கால்வரை மெல்லிய புழுதிப் பூச்சுக் கொடுப்பதும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. எல்லோர் கையிலும் ஈட்டி மட்டுமே இருப்பது சரியல்ல. அவர்களில் பலரிடம் பழைய துப்பாக்கிகள் இருந்தன. பக்கத்திலிருந்த ஷியானே மலைச்சரிவில் மறைந்திருந்தவர்கள் பிரிட்டிஷ் முகாமின் பின்பக்கத்தை நோக்கி மணிக்கணக்கில் சுட்டார்கள். நெப்போலியன் காலத்து வீரர்களின் பொம்மைகளில் மிஞ்சிய நீண்ட துப்பாக்கிகள் உங்களிடம் இருந்தால், நாலைந்து பேருடைய ஈட்டியை எடுத்துவிட்டு அவற்றைப் பொருத்துங்கள். விரல்களுக்கு இடையே துளையிட்டுச் செருகினால் ஒட்டியதாகத் தெரியாது.

கேள்வி: 54 மி.மீ. வீரர்களையும் 60 மி.மீ. வீரர்களையும் ஒரே காட்சியில் கலக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: தோளோடு தோள் நிறுத்தினால் சிறியவன் சிறுவனாகத் தெரிவான், தள்ளி நிறுத்தினால் தூரத்தில் இருப்பவனாகத் தெரிவான். பெரியவர்களை முன் சுவரிலும் சிறியவர்களைப் பின்னால் முகாமின் மருத்துவமனைக் கட்டடத்தின் அருகிலும் வைத்துவிடுங்கள். ஆனால் துப்பாக்கியையும் தொப்பியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாதீர்கள். உடலின் அளவு வேறுபாட்டை மன்னிக்கிற கண், கைப்பொருளின் அளவு வேறுபாட்டை மன்னிப்பதில்லை.

அளவுகளைக் கலப்பது குற்றமோ என்று தயங்க வேண்டாம். வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்து, 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்த மாபெரும் மாதிரி இன்றும் அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 70,000க்கும் மேற்பட்ட சிறு வீரர்கள் உண்டு. நிலத்தை ஒரு மைலுக்கு 9 அடி என்ற அளவில் அமைத்தவர், அதே அளவில் வீரர்களைச் செய்தால் சரியாகத் தெரியமாட்டார்கள் என்பதால், அவர்களைச் சுமார் 10 மி.மீ. உயரத்தில், நிலத்தின் அளவைவிடச் சுமார் மூன்று மடங்கு பெரிதாக வைத்தார்.

கேள்வி: ஐயா, என் தாத்தா வைத்திருந்த பிரிட்டன்ஸ் நிறுவனத்து ஈய வீரர்கள் பன்னிரண்டு பேர் என்னிடம் இருக்கிறார்கள். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. ஒருவனுக்குத் தலை இல்லை. இவர்களை மாற்றி ரோர்க்ஸ் டிரிஃப்ட் காட்சியில் சேர்க்க நினைக்கிறேன். (சென்னை வாசகி)

பதில்: அம்மா, தயவுசெய்து அவர்கள்மீது ரம்பத்தை வைக்காதீர்கள். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் மட்டும் உறைந்ததும் எஞ்சியதைக் கொட்டிவிடும் உள்ளீடற்ற வார்ப்பு முறையை அந்த நிறுவனம் 1893இல் கொண்டுவந்தது. 1966 வரை ஈய வீரர்களைச் செய்தது. அவர்களுடைய உடல் மெல்லிய ஓடு மட்டுமே. வளைத்தால் வெடிக்கும், அறுத்தால் நசுங்கும். மறுவண்ணம் பூசினாலோ, சேகரிப்பாளர் மதிக்கும் அந்தப் பழைய பூச்சு திரும்பவே வராது. உங்கள் தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்த இடங்களும் அதோடு மறைந்துவிடும்.

தலையில்லாதவனுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. தலை பத்திரமாக இருந்தால், தீக்குச்சியின் மருந்தை நீக்கிவிட்டு, குச்சியை உள்ளீடற்ற கழுத்துக்குள் செருகி, மறுமுனையில் தலையை மாட்டிவிடுங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்த பழுதுபார்ப்பு இதுதான். பசை தேவையில்லை, வேண்டும்போது கழற்றிவிடலாம்.

பொம்மைகளின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்திலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்தும் புது பிளைவுட்டிலிருந்தும் வெளிவரும் அமில ஆவி ஈயத்தை அரிப்பதால் அது உண்டாகிறது. அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். பொடி பூத்தவனைத் தனியே பிரித்து வைத்து, மற்றவர்களைக் கண்ணாடியும் உலோகமும் கொண்ட, சற்றுக் காற்றோட்டமுள்ள பெட்டிக்கு மாற்றிவிட்டு, கையைச் சோப்பால் கழுவுங்கள். டயோரமாவுக்கு இன்று கிடைக்கும் புதிய உலோக வீரர்களை வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் பன்னிரண்டு பேரையும் அவர்கள் முன்பு நின்ற அதே அணிவகுப்பில், டயோரமாவுக்கு மேல் தட்டில் நிறுத்தி வையுங்கள்.